வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் கடுமைதான் அடுத்த போருக்குக் காரணமா? ஒரு மாணவியின் கேள்வி

காரைக்குடி ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் முதல் உலகப் போரின் பின்விளைவுகளை நடத்தி முடித்து, வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனி மீது சுமத்திய கடுமையான நிபந்தனைகளே இரண்டாம் உலகப் போருக்கு வித்திட்டன என்று வழக்கம்போல் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கானாடுகாத்தானிலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி எழுந்து, ‘டீச்சர், 1945-இல் ஜெர்மனியை இதைவிட மோசமாகத்தானே நடத்தினார்கள்? பிறகு ஏன் அவர்கள் மறுபடியும் சண்டைக்கு வரவில்லை?’ என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரமாகிவிட்டது, எனக்கே நிறைவு தரும் விடை இன்னும் கிடைக்கவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1919-இல் ஜெர்மனி இழந்தது, ஐரோப்பாவில் தனக்கிருந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடும் மக்கள்தொகையில் சுமார் 10 விழுக்காடும். தரைப்படை 1,00,000 பேரைத் தாண்டக் கூடாது. விமானப்படையும் டாங்குகளும் நீர்மூழ்கிக் கப்பல்களும் கூடாது. ரைன்லாந்தில் படை நிறுத்தக் கூடாது. சார் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள் பிரான்சுக்குப் போயின, கடல் கடந்த குடியேற்றங்கள் எல்லாமே போயின, இழப்பீடு தனி. ஆனால் 1945-இல் அரசு என்று ஒன்றே மிஞ்சவில்லை. நான்கு வல்லரசுகள் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து ஆண்டன. 1937-இல் இருந்த நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு போலந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போயிற்று. கிழக்கு ஐரோப்பாவெங்கும் வாழ்ந்த ஜெர்மானியர் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் வீடுவாசலை விட்டுத் தப்பி ஓடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள்.

கடுமைதான் போரைக் கொண்டுவரும் என்றால் 1945-க்குப் பின் வந்திருக்க வேண்டிய போர் எங்கே? தேர்வுத்தாளில் எழுத வேண்டிய விடை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க விடைதான் வேண்டும்.


தேவகோட்டை வழக்கறிஞர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவிக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் சிவில் வழக்குகளை நடத்திவிட்டு ஓய்வுபெற்றவன் நான்; அந்தத் தொழிலின் வழியாகத்தான் இதை என்னால் விளக்க முடியும்.

நிலத்தகராறில் தீர்ப்பு வாங்குவது பாதி வேலைகூட இல்லை. தீர்ப்பு வந்த அன்று கட்சிக்காரர் இனிப்பு வாங்கிக் கொடுப்பார். அதன் பிறகு நிறைவேற்று மனுப் போட்டு, அமீனாவை அழைத்துக்கொண்டு போய், எதிர்த்தரப்புக் குடும்பம் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதே பூட்டைத் திறந்து இடத்தை ஒப்புக்கொள்ளும் துணிவும் செலவுக்குப் பணமும் அவரிடம் உண்டா என்பதுதான் கேள்வி. அவை இல்லாதவர் கையில் கடுமையான தீர்ப்பு இருந்தால், எதிரியின் ஆத்திரம் முழுதாக இருக்கும், சொத்து மட்டும் வந்திருக்காது. வெர்செய்ல்ஸ் அத்தகைய தீர்ப்பு. அதை எழுதிய மூவருள் ஒருவரான வில்சனின் நாடே அதை ஏற்கவில்லை. அமெரிக்க செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் அதை நிராகரித்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சுக்குத் தருவதாகச் சொன்ன பாதுகாப்பு உறுதியும் அதோடு போயிற்று. பிரிட்டனுக்குத் தன் வணிகம் பழையபடி நடக்க ஜெர்மனி தேவைப்பட்டது. ஆக, தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு முழுவதும், போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்துக் களைத்துப் போயிருந்த பிரான்சின் தோளில் விழுந்தது.

தீர்ப்பு வந்த விதமும் முக்கியம். 1919 மே 7 அன்று ஜெர்மானியத் தூதுக்குழுவை அழைத்து வரைவைக் கையில் கொடுத்தார்கள். நேருக்கு நேர் பேச்சுவார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம், அவ்வளவுதான். கையெழுத்திடாவிட்டால் படை உள்ளே வரும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. கடல் முற்றுகையும் அதுவரை விலக்கப்படவில்லை. ஷைடமான் அமைச்சரவை பதவி விலகியது. அடுத்து வந்தவர்கள் ஜூன் 28 அன்று கையெழுத்திட்டார்கள். எங்கள் மொழியில் இது ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்பு, அதாவது எதிர்த்தரப்பைக் கேளாமல் எழுதியது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, முணுமுணுத்துக்கொண்டேனும் ஒப்பமிடும் ராஜிப் பத்திரத்துக்கு உள்ள ஆயுள் அதற்குக் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் தொழிலின் குற்றமும் இருக்கிறது. 231-ஆம் பிரிவைப் ‘போர்க்குற்றப் பிரிவு’ என்று எல்லாரும் சொல்கிறோம். அதன் வாசகத்தில் குற்றம் என்ற சொல்லே இல்லை; ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் தொடுத்த போரால் விளைந்த இழப்புகளுக்கு ஜெர்மனி பொறுப்பு என்றுதான் இருக்கிறது. ஆஸ்திரியாவுடனும் ஹங்கேரியுடனும் செய்த உடன்படிக்கைகளிலும் இதே பிரிவு உண்டு. அடுத்த 232-ஆம் பிரிவு, அவ்வளவு இழப்பையும் ஈடுசெய்ய ஜெர்மனியின் வளம் போதாது என்று ஒப்புக்கொள்கிறது. பொறுப்பை முழுதாக நிலைநாட்டிவிட்டுத் தொகையைக் குறைக்க இடம் வைக்கும் ஏற்பாடு அது. இழப்பீட்டு வழக்குகளில் நாங்கள் அன்றாடம் செய்வது. ஆனால் பெர்லினில் ரொட்டிக்கு வரிசையில் நின்றவன் அதைச் சட்டப் பிரிவாகவா படித்திருப்பான்? தன் மண்ணும் தன் செத்துப்போன மகனும் குற்றவாளிகள் என்று உலகம் எழுதி வாங்கிக்கொண்டது என்றே படித்தான்.

பிரான்சின் கோரிக்கை அநியாயமானது என்று நான் சொல்லவில்லை. போர் நடந்தது பிரான்சின் மண்ணிலும் பெல்ஜியத்தின் மண்ணிலும். பின்வாங்கிய ஜெர்மன் படை லான்ஸ் பகுதிச் சுரங்கங்களைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டுத்தான் போயிற்று. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க்கில் ரஷ்யா மீது ஜெர்மனி சுமத்திய உடன்படிக்கை வெர்செய்ல்ஸைவிடக் கொடியது. வழக்கு நியாயமானதுதான், அதை நிறைவேற்றப் போன விதத்தில்தான் பிசகு. 1923 ஜனவரி 11 அன்று, நிலக்கரியும் மரமும் ஒப்புக்கொண்டபடி வந்து சேரவில்லை என்று பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ஜெர்மனியின் நிலக்கரியும் ஆலைகளும் நிறைந்த ரூர் பகுதிக்குள் புகுந்தன. தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள்; அவர்களுக்குக் கூலி கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டை அச்சடித்துத் தள்ளியது; ஏற்கனவே சரிந்துகொண்டிருந்த மார்க் அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி என்ற இடத்துக்கு வந்து நின்றது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்த பணத்தைக் கொண்டு ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியவில்லை என்றால் அந்தக் குடும்பம் யாரைச் சபிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.


கொத்தமங்கலம் வாசகர்:

வழக்கறிஞர் ஐயா நீதிமன்றத்தின் பக்கமிருந்து சொன்னார்கள். நான் கடன் கொடுத்தவர்களின் பக்கமிருந்து சொல்கிறேன். நாங்கள் தலைமுறை தலைமுறையாக வட்டிக்கடை வைத்திருந்தவர்கள். எங்கள் ஐயா பர்மாவில் பியாப்பொன் பக்கம் ஏஜெண்டாகப் போய்ப் பிறகு சொந்தமாகக் கடை போட்டவர்.

1921-இல் ஜெர்மனிக்கு விதித்த தொகை 13,200 கோடி தங்க மார்க். அதற்குள் ஒரு சூட்சுமம் இருந்தது. ‘ஏ’, ‘பி’ என்று பிரித்த பத்திரங்களின் 5,000 கோடிதான் உண்மையில் வசூலிக்க நினைத்தது. மீதி 8,200 கோடிக்கு ‘சி’ பத்திரங்கள். அவை வசூலாகும் என்று அதை எழுதியவர்களே பெரிதாக நம்பவில்லை. பிரான்சிலும் பிரிட்டனிலும் வாக்காளர்களுக்குப் பெரிய தொகையைக் காட்ட வேண்டியிருந்தது, அதற்காகச் சேர்த்தார்கள். கடன் கொடுத்துப் பழகியவர் யாரும் இதைச் செய்ய மாட்டார். பேரேட்டில் ஐயாயிரம் வராது என்று தெரிந்தால் அதை உள்ளுக்குள் தள்ளிவிட்டு வரக்கூடியதைப் பேசி வாங்குவார்கள்; வராத தொகையைத் தெருவில் நின்று கூவிக் கேட்க மாட்டார்கள். நேச நாடுகளோ பெரிய தொகைக்கு உரிய பகையைச் சம்பாதித்துக்கொண்டு, சிறிய தொகைக்கும் குறைவான பணத்தையே கையில் வாங்கினார்கள். பிரிட்டிஷ் நிதித்துறையின் சார்பில் பாரிசுக்குப் போயிருந்த பொருளியலாளர் கெய்ன்ஸ் 1919 ஜூனிலேயே பதவியை விட்டு விலகியதற்கும் அந்த ஆண்டு முடிவதற்குள் உடன்படிக்கையைக் கண்டித்து நூல் எழுதியதற்கும் கட்ட முடியாத தொகையைக் கேட்கும் இந்தப் போக்குதான் காரணம். அதே சமயம், ஜெர்மனியால் இம்மியும் கட்ட முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. 1871-இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ் 500 கோடி ஃபிராங்க் கட்ட வேண்டியிருந்தது. 1873 செப்டம்பருக்குள், தவணைக்கு முன்பாகவே கட்டி முடித்து அந்நியப் படையை அனுப்பிவைத்தது. பணம் தீர்ந்தது, ஆனால் அல்சேஸ்-லொரைன் பகுதியை ஜெர்மனி பறித்துக்கொண்டது தீரவில்லை. பாரிசில், அந்தப் பகுதியின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் உருவமாக நிற்கும் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தி, 1918 வரையில் அதன் காலடியில் மாலை வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

டீச்சர், உங்கள் மாணவிக்கு ஒரு கணக்கைக் கொடுங்கள். 1924-க்குப் பிறகு டாவ்ஸ் திட்டப்படி அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தன. ஜெர்மனி அதிலிருந்து பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இழப்பீடு கட்டியது. அவர்கள் அதைக்கொண்டு அமெரிக்காவிடம் வாங்கிய போர்க்கடனை அடைத்தார்கள். புதுக்கடன் வாங்கிப் பழைய கடனுக்கு வட்டி கட்டும் இந்தச் சுற்று ஓடிய வரையில் ஜெர்மனியில் அமைதி இருந்தது. 1928 மே மாதத் தேர்தலில், உடன்படிக்கை கையெழுத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு, ஹிட்லரின் கட்சி வாங்கிய வாக்கு 2.6 விழுக்காடு. 1929-இல் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது, அமெரிக்கப் பணம் திரும்பிப் போயிற்று, வேலையில்லாதவர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். 1930 செப்டம்பரில் அதே கட்சிக்கு 18.3, 1932 ஜூலையில் 37.3. அதனால் வெர்செய்ல்ஸ் கையெழுத்தான அன்றே அடுத்த போர் எழுதப்பட்டுவிட்டது என்று சொல்வது சரியல்ல. ஆறாத புண் ஒன்று அங்கே இருந்தது, பசி வந்தபோது அதைக் கீறிவிட ஆள் கிடைத்தார்கள்.

அதே 1930-தான் எங்கள் வீட்டையும் புரட்டிப் போட்டது. பர்மாவில் நெல் விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. கடைகள் ஈட்டு நிலத்தை எடுத்துக்கொண்டன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடு விளைநிலம் எங்கள் நகரத்தார் சமூகத்தின் கையில் இருந்தது. 1937-க்குள் அது 25 விழுக்காடு ஆயிற்று. ஐயாவின் பேரேடு ஒன்று இன்றும் எங்கள் வீட்டு இரட்டை அறைப் பெட்டகத்தில் இருக்கிறது. பழுப்பேறிய தாளில், ஒரு பர்மியக் குடியானவர் பெயரின் கீழ், 1931 வரையில் வரவுப் பத்தியில் ரூபாய் அணா பைசா இருக்கிறது. அதற்குக் கீழே ரூபாய் இல்லை, ஏக்கர் கணக்கு மட்டும் இருக்கிறது. அந்த எழுத்தின் அளவுகூட மாறவில்லை. பத்திரம் ஒவ்வொன்றும் சட்டப்படி சரியானது. ஐயாவுக்கு அந்த நிலம் வேண்டியிருக்கவில்லை, ரொக்கம்தான் வேண்டியிருந்தது என்று அப்பச்சி சொல்லுவார்கள். இருந்தாலும் வயலைப் பறிகொடுத்த குடியானவர் அதே வயலில் எங்களுக்குக் குத்தகை அளந்தார். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது எங்கள் ஆட்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்ததும், விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியதும், இந்தப் பக்கத்து ஒவ்வொரு வளவிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அநியாயம் என்றுதான் நாங்கள் சொல்லி வளர்ந்தோம். அந்த ஏக்கர் பத்தியைப் பார்த்த பிறகு என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.


திருப்பத்தூர் வாசகர்:

பெரியவர்கள் சொன்னவற்றை மதிப்புடன் படித்தேன். ஆனால் ஒன்றை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடுமையான ஏற்பாடு நிலைக்காது என்பது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. நம் ஊரிலேயே அது நிலைத்திருக்கிறது.

1792-இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானிடம் காரன்வாலிஸ் வாங்கியது அவருடைய அரசில் பாதி. அந்தப் பாதியில் நம் பக்கத்துத் திண்டுக்கல்லும் சேர்ந்தது. அதோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பிணையாக அவருடைய இரண்டு பிள்ளைகள். திப்பு பணத்தைக் கட்டிப் பிள்ளைகளை மீட்டார். 1799-இல் மறுபடியும் போர். அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார்கள். ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணால் எழுப்பினார். அது மறுபடி விழுந்ததும் அவர் வந்து சேர்ந்த இடம் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிறுவயல். அடைக்கலம் கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். இதுவரை உங்கள் கருத்துக்குச் சான்றுதான்.

ஆனால் 1801 அக்டோபர் 24 அன்று எங்கள் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு சின்ன மருதுவின் பிள்ளை துரைசாமியையும் இன்னும் எழுபதுக்கு மேற்பட்டோரையும் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். பாளையங்கள் ஜமீன்களாயின, வாள் வைத்திருந்த கை பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டப் பழகியது. அதன் பிறகு இந்தச் சீமையில் கும்பெனியை எதிர்த்துப் படை திரளவில்லை. கடுமை போதாமல் போனதால் 1799 தோற்றது, கடுமை முழுமையானதால் 1801 நின்றது என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? வெர்செய்ல்ஸும் பாதிக் கடுமைதான்: அவமானப்படுத்தவும் செய்தது, ரூர் ஆலைகளையும் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களையும் விட்டும் வைத்தது. 1945 முழுக் கடுமை. மாணவியின் கேள்விக்கு இது நேரான விடையல்லவா?

நான் பேருந்து ஏறப் போகும்போதெல்லாம் அந்த நினைவிடத்தைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். இந்த விடை எனக்குப் பிடித்து நான் எழுதவில்லை.


காரைக்குடி ஆசிரியை:

திருப்பத்தூர் தம்பி கேட்டதைத்தான் நானும் எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டேன். முழுவதும் நசுக்கினால் சமாதானம் வரும் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொல்ல விருப்பமில்லை என்பது மறுப்பாகிவிடாது.


தேவகோட்டை வழக்கறிஞர்:

தம்பியின் கேள்வி கூர்மையானது. 1801 நின்றதற்கு, வென்றவர் வீட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே உட்கார்ந்து ஆண்டதுதான் காரணம். அமீனா திரும்பிப் போகாமல் திண்ணையிலேயே ஒன்றரை நூற்றாண்டு படுத்துக்கொண்டார். அது இரண்டு தரப்பாருக்கு இடையிலான சமாதானம் அன்று, ஒரு தரப்பு இல்லாமல் போனது. 1919-இல் ஜெர்மனியை அப்படி ஆள எவருக்கும் வலுவோ விருப்பமோ இல்லை. தோற்றவன் தன் நாட்டைத் தானே ஆளப் போகிறான், பத்து இருபது ஆண்டில் எழுந்து நிற்கப் போகிறான் என்று தெரிந்தால், அப்போது அவன் எதை நினைத்துக்கொண்டு எழுவான் என்பதுதான் உடன்படிக்கை எழுதுபவர் கவலைப்பட வேண்டியது.

1945 அதைவிடக் கடுமையானது என்பது உண்மை. அந்தக் கடுமையில் ஒரு பகுதி தேவையாகவும் இருந்தது. 1918 நவம்பரில் போர் நின்றபோது ஜெர்மன் படை இன்னும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நின்றது. வரிசை குலையாமல் ஊர் திரும்பிய வீரர்களை, எந்தப் பகைவனும் உங்களை வெல்லவில்லை என்ற பொருளில் புதிய அரசின் தலைவர் எபெர்ட் பெர்லினில் வரவேற்றார். தோல்வியைக் கண்ணால் காணாத மக்களுக்கு, யூதர்களும் சோஷலிஸ்டுகளும் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யை நம்புவது எளிதாயிற்று. 1945-இல் அந்தப் பொய்க்கு இடமில்லை. பெர்லினே இடிபாடாகக் கிடந்தது.

ஆனால் தம்பி, அந்தக் கடுமை தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெர்மனியின் ஆலைகளைக் கழற்றிவிட்டு வேளாண்மை நாடாக்க வேண்டும் என்று 1944-இல் அமெரிக்க நிதிச் செயலர் மார்கெந்தாவ் ஒரு திட்டம் வைத்தார். அதைத் தொடரவில்லை. 1948-இல் தொடங்கிய மார்ஷல் திட்டத்தின் ஏறத்தாழ 1,300 கோடி டாலரில் மேற்கு ஜெர்மனிக்கும் பங்கு வந்தது. 1953 பிப்ரவரியில் லண்டனில் கூடி, ஜெர்மனியின் பழைய கடனில் ஏறத்தாழ பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். ஒப்பமிட்ட கடன்காரர்களில், ஜெர்மன் படை பட்டினி போட்டுக் கொன்ற கிரேக்க நாடும் ஒன்று. வட்டிப் பாக்கியில் ஒரு பகுதியை, இரண்டு ஜெர்மனிகளும் இணையும் நாள் வரட்டும் என்று ஒத்திவைத்தார்கள். அந்தக் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3 அன்று கட்டி முடிந்தது. கொத்தமங்கலம் அண்ணன் சொன்ன பேரேட்டு அறிவு முப்பது ஆண்டுகள் தாமதமாக அவர்களுக்கு வந்தது.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது அதே ரூர் நிலக்கரிதான். 1923-இல் பிரான்ஸ் அதை எடுக்கப் படையோடு போயிற்று. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான், இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம் என்றார். மறு ஆண்டு ஆறு நாடுகள் ஒப்பமிட்டன. பங்காளிகள் கிணற்றுக்குச் சண்டையிட்டால், கிணற்றை ஒருவருக்கு எழுதிக் கொடுக்காமல் இறைவை முறை வைப்பது நம் பஞ்சாயத்தாருக்குத் தெரிந்த வழி.

சோவியத் அச்சம் இல்லாவிட்டால் அமெரிக்கா இவ்வளவு தாராளமாக இருந்திருக்காது என்பதையும் மாணவியிடம் மறைக்க வேண்டாம். இன்னொன்று, இதுதான் எனக்கு ஆற்றாமை தருவது: 1919-க்குப் பிறகும் விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் ஆள் தவறி விட்டுக்கொடுத்தார்கள். மிதவாதியான ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெஸமான் கேட்டபோதெல்லாம் இழுத்தடித்து அளந்து அளந்து கொடுத்தார்கள். 1936 மார்ச்சில் ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை அனுப்பியபோதும் 1938-இல் ஆஸ்திரியாவை விழுங்கியபோதும் சும்மா இருந்தார்கள். கெஞ்சினால் கிடைக்காது, மிரட்டினால் கிடைக்கும் என்று ஜெர்மன் வாக்காளருக்குப் பாடம் நடத்தியவர்கள் வென்றவர்களே.


பள்ளத்தூர் ஆச்சி:

தம்பிகள் எல்லாரும் படை, பணம், நிலம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் இரண்டாம் கட்டின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் மாமனார் காலத்தில் அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்தபோது எழுப்பியது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், பூ வேலைப்பாட்டின் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாகச் சுவர் குறுக்கே ஓடுகிறது. பஞ்சாயத்தில் தம்பி வீட்டுக்குக் குறைந்த பங்கு போயிற்று. அதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், நகைநட்டு, வெள்ளிச் சாமான் எதற்கும் பிறகு வாய் திறக்கவில்லை. ஆனால் பாகம் எழுதிய முறியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: தம்பி வீட்டார் முகப்பு வழியாக வரக்கூடாது, பின்கட்டு வாசலைத்தான் புழங்க வேண்டும். அந்த ஒரு வரி முப்பது ஆண்டுகள் கேஸாக நடந்தது. அவர்கள் வீட்டுப் பெண் மாலையோடு புறப்பட்டபோது பின்வாசலில்தான் கார் நின்றது. அதைப் பார்த்து நின்ற அவளுடைய தம்பிக்கு அப்போது பத்து வயது. வழக்குப் போட்டவன் அவன்தான்.

1871 ஜனவரியில் ஜெர்மனி தன் பேரரசை அறிவித்தது தோற்ற பிரான்சின் வெர்செய்ல்ஸ் அரண்மனையில், கண்ணாடி மண்டபத்தில். 1919-இல் ஜெர்மானியரைக் கையெழுத்துக்கு அழைத்தது அதே மண்டபத்துக்கு. 1918 போர்நிறுத்தம் கையெழுத்தானது கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டியில். 1940 ஜூன் 22 அன்று ஹிட்லர் அதே பெட்டியை அருங்காட்சியகத்திலிருந்து வெளியே இழுத்துவரச் செய்து, அதே இடத்தில் நிறுத்தி, பிரான்சிடம் கையெழுத்து வாங்கினான். இவர்கள் யாரும் நிலத்தின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு இதைச் செய்யவில்லை, வாசலை நினைவில் வைத்துக்கொண்டு செய்தார்கள்.

அதற்காக மன்னித்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. 1951-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் சமாதானம் பேசியபோது, இலங்கையின் சார்பில் ஜெயவர்த்தனா, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி இழப்பீடு வேண்டாம் என்றார். இந்தியாவும் 1952 ஜூனில் தனி உடன்படிக்கை செய்து இழப்பீட்டை விட்டுக்கொடுத்தது. பெருமைதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குச் சீனாவையும் கொரியாவையும் அழைக்கவே இல்லை. ஜப்பானியப் படையினர் கொண்டுபோய்க் கெடுத்த கொரியப் பெண்கள் கிழவிகளாகி, சியோலில் ஜப்பானியத் தூதரகத்தின் முன் வாராவாரம் நின்றார்கள். பின்வாசல் வழியாகக்கூட உள்ளே விடப்படாதவர்கள் அவர்கள். கடுமையைப் பற்றிப் பேசும்போது, யார் இல்லாமல் எழுதப்பட்டது என்பதையும் அந்தப் பெண்பிள்ளைக்குச் சொல்லுங்கள்.


காரைக்குடி ஆசிரியை:

அனைவருக்கும் என் நன்றி. வெள்ளிக்கிழமை இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்கியிருக்கிறேன். 1923 ரூர், 1951 நிலக்கரி உடன்படிக்கை இரண்டையும் அருகருகே பலகையில் போட்டு, இடையில் என்ன மாறியது என்று பிள்ளைகளையே கேட்கப் போகிறேன். 2.6 விழுக்காட்டையும் 37.3 விழுக்காட்டையும் எழுதிவிட்டு, நடுவில் நடந்ததைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். திருப்பத்தூர் தம்பியின் எதிர்வாதத்தையும் விடாமல் வைப்பேன். அதற்கு அவர்கள் விடை தேடட்டும். ஆச்சியின் சுவரைச் சொல்ல அனுமதி உண்டா? கொத்தமங்கலம் ஐயா, அந்தப் பேரேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப இயலுமா?


பள்ளத்தூர் ஆச்சி:

சொல்லுங்கள். வீட்டு விலாசம் மட்டும் வேண்டாம்.


கொத்தமங்கலம் வாசகர்:

படம் வேண்டாம் டீச்சர், பேரேட்டையே கொண்டு வருகிறேன். பிள்ளைகள் தாளைத் தொட்டுப் பார்க்கட்டும். அந்தக் குடியானவரின் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு காகிதத்தை வைத்து மறைத்துவிடுவேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்களோ, அவர்களைக் கேட்காமல் காட்டக் கூடாது. வெள்ளி காலை முதல் பாடவேளைக்கு முன் வந்துவிடுகிறேன்.